கோவிவன் என்ன கலர்?

நெமிலி பஸ் நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்றால் முதலில் கண்ணில் படுவது மனிதர்கள் அல்ல, நாய்கள். டீக்கடை வாசலில் ஒன்று, மூடிக் கிடக்கும் கடையின் படியில் ஒன்று, மணல் குவியலில் சுருண்டு கிடப்பது இன்னொன்று. செவலை நிறம், கூரான காது, மேல்நோக்கிச் சுருண்ட வால், ஒட்டிய வயிறு. ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும். இன்னொன்று லாரியில் அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடும். மணி, கறுப்பன், செவலை என்று ஏதோ ஒரு பெயர் இருக்கும். பாதி நாய்களுக்கு அதுவும் இருக்காது. இவற்றை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. "என்ன அழகு!" என்று யாரும் சொன்னதும் இல்லை.

நாய்க்கு அழகு என்றால் என்ன, அதை யார் தீர்மானித்தார்கள், அந்தத் தீர்மானத்தால் யார் செத்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசிக் கேள்வி கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு விளம்பரம். 2003-ல் ஹட்ச் மொபைல் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஓடிய நாயை யாரும் மறந்திருக்க முடியாது. சப்பை மூக்கு, சுருக்கம் விழுந்த முகம், பிதுங்கும் கண்கள். பக் என்ற இனம். பெயர் தெரியாதவர்கள் கடையில் போய் "ஹட்ச் நாய் இருக்கா?" என்று கேட்டார்கள். விலை ஆயிரங்களில் ஏறியது. இத்தனைக்கும் அந்த முகத்தை ஒரு தெருநாய்க்கு வைத்துப் பாருங்கள், "ஐயோ பாவம், இதுக்கு என்னாச்சு?" என்றுதான் கேட்போம்! அந்தச் சப்பை மூக்கால் பக் நாய்கள் மூச்சுவிடவே சிரமப்படுகின்றன, நம் ஊர் வெயிலில் இன்னும் அதிகமாக. ஆனால் டி.வி.யில் வந்துவிட்டதே, அப்புறம் அது அழகுதான்.

நாய் அழகுக்கு அளவுகோல் வைக்கும் பழக்கம் அப்படியொன்றும் பழசு இல்லை. 1859-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்ததைத்தான் முதல் நவீன நாய்க் கண்காட்சி என்கிறார்கள். வேட்டைக்கு உதவும் இரண்டு வகை நாய்கள் மட்டும் கலந்துகொண்டன. பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் உருவானது. அதன் பிறகுதான் காது இப்படி, வால் அப்படி, உயரம் இத்தனை அங்குலம் என்று ஒவ்வொரு இனத்துக்கும் இலக்கணம் எழுதினார்கள். அதுவரை நாய் என்ன வேலை செய்யும் என்று கேட்டவர்கள், அது எப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நாம் "ஒரிஜினல் ஜாதி நாய்" என்று பெருமையாகச் சொல்லும் பல இனங்கள் விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு. உலகத்தில் இருக்கும் நாய்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. நெமிலி செவலை மாதிரி, தானாகப் பிறந்து தானாகத் தேறியவை.

பட்டியலில் இடம் கிடைக்காதது மட்டும் இல்லை, பெயரிலேயே அவமானம் சேர்ந்துகொண்டது. நம் நாட்டு நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பரியா டாக். பறை என்ற இசைக்கருவியின் வழியாகப் பெயர் பெற்ற ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயரைத்தான் அவர்கள் 'பரியா' ஆக்கினார்கள். ஒதுக்கப்பட்டவன் என்று அதற்கு அர்த்தம் கொடுத்து அகராதியில் ஏற்றினார்கள். பிறகு யாருக்கும் சொந்தமில்லாமல் தெருவில் திரிந்த நாய்க்கும் அதையே ஒட்டினார்கள். பருந்துக்குக்கூட பரியா கைட் என்று ஒரு பெயர் உண்டு. ஒரே சொல்லில் ஒரு மக்கள் கூட்டத்தையும் அவமானப்படுத்தி, ஒரு விலங்கையும் மட்டம் தட்டினார்கள். இதில் வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை அவன் இங்கேயிருந்துதான் கற்றுக்கொண்டான். இப்போது அந்தப் பெயரை விட்டுவிட்டு 'இண்டாக்' என்று சொல்கிறார்கள். தமிழில் நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. நாட்டு நாய் என்றால் போதும்.

சரி, சென்னைக்கு வருவோம்.

தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பம்பாயில் 1832-ல் போலீஸ் அப்படி நாய்களைக் கொன்றபோது பார்சிகள் கடைகளை மூடிவிட்டுக் கலவரத்திலேயே இறங்கினார்கள். அவர்கள் மதத்தில் நாய்க்குத் தனி மரியாதை உண்டு. மதராஸில் அப்படி யாரும் தெருவில் இறங்கியதாகத் தெரியவில்லை. 19-ம் நூற்றாண்டில் ஆரம்பித்த வேலை, சுதந்திரம் வந்த பிறகும் நிற்காமல் நடந்தது. கார்ப்பரேஷன் வண்டி வரும், சுருக்குக் கம்பி போட்டுப் பிடிப்பார்கள், கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சுவார்கள். கழுத்துப்பட்டை போட்ட நாய்க்கு ஆள் வந்து மீட்டுப் போவார்கள். செவலைக்கு யார் வருவார்கள்?

1959-ல் மழை வெள்ளத்தில் தி.நகரில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளித்துக்கொண்டிருந்தன. அந்த வழியாக வந்த கேப்டன் சுந்தரம் அவற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் விமானி. மனைவி உஷா சுந்தரமும் விமானிதான், இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். அந்தக் குட்டிகள் என்ன ஜாதி என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. அங்கிருந்துதான் ப்ளூ கிராஸ் பிறந்தது. அடுத்த வருடமே, 1960-ல், மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முதலில் ராஜ்யசபாவில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். ஆனாலும் கார்ப்பரேஷன் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இங்கேதான் நம் ஏரியா விஷயம் ஒன்று வருகிறது. நெமிலி இருப்பது இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். 2019-ல் பிரிக்கும் வரை வேலூர் மாவட்டம், அதற்கு முன்னால் வட ஆற்காடு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். தோல் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் வேலையே தரம் பிரிப்பதுதான். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, ஆறிய புண்ணின் தழும்பு, சூடு போட்ட அடையாளம், எல்லாம் தோலில் அப்படியே நிற்கும். அடையாளம் கூடக் கூட விலை குறையும். ஆடோ மாடோ எப்படி வாழ்ந்தது என்பது தோலில் எழுதியிருக்கும். வாங்குபவருக்கு வேண்டியது எழுத்தே இல்லாத தோல்.

இந்தத் தொழிலுக்கு ஆராய்ச்சி செய்வதற்கென்றே 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். உலகத் தரமான நிறுவனம், அதில் சந்தேகம் இல்லை. கேப்டன் சுந்தரத்தின் மகனும் ப்ளூ கிராஸை நீண்ட காலம் நடத்தியவருமான சின்னி கிருஷ்ணா ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். 1970-களின் தொடக்கத்தில் சென்னை கார்ப்பரேஷன் கொன்று குவித்த நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், அந்த நிறுவனம் நாய்த்தோலில் கழுத்து டையும் பர்ஸும் செய்வதற்கு வடிவமைத்ததாம்!

இதை இரண்டு தரம் படிக்க வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது அழகில்லை என்று யாரும் தொடாத நாய், செத்த பிறகு ஆபீஸ் போகிறவர் கழுத்தில் அழகுக்காகத் தொங்க வேண்டும். இதில் விஞ்ஞானிகளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வீணாகப் போகும் பொருளைப் பயன்படுத்துவது எப்படி என்று யோசிப்பதுதான் அவர்கள் வேலை. ஒரு நகரத்தில் செத்த நாய் ஒரு 'மூலப்பொருள்' என்று கணக்கில் வரும் அளவுக்கு நிலைமை போயிருந்தது, அதுதான் விஷயம்.

கொன்றதால் நாய்கள் குறைந்தனவா என்றால், அதுவும் இல்லை. குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும் வரை, காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். பிழைத்தவை மறுபடி குட்டி போடும். நூறு வருடத்துக்கு மேல் கொன்றும் கணக்கு நேராகவில்லை. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று ப்ளூ கிராஸ் 1964-லேயே சொன்னது. கார்ப்பரேஷன் காது கொடுத்தது 1996-ல், அதுவும் முதலில் தென் சென்னையில் மட்டும். முப்பத்திரண்டு வருடம்! பிறகு 2001-ல் அதுவே நாடு முழுவதற்கும் விதியாக வந்தது. 2023-ல் புது விதிகளாகத் திருத்தினார்கள்.

கருத்தடை செய்த நாயை எப்படிக் கண்டுபிடிப்பது? காதில் ஒரு சின்ன வெட்டு. மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிவிடுவார்கள். தெருவில் போகும்போது காதில் துண்டு போன நாயைப் பார்த்தால் 'அசிங்கமாக இருக்கே' என்று தோன்றும். உண்மையில் அதுதான் அதன் அடையாள அட்டை. ஒருதரம் ஊசி போட்டாயிற்று, இனிக் குட்டி போடாது என்று அர்த்தம்.

இதெல்லாம் நாய்ப் பாசத்தில் எழுதுவது, கடிபட்டவனைக் கேட்டால் தெரியும் என்று சிலர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க முடியாது. உலகில் அந்த நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் ஏழைகள், அதிலும் குழந்தைகள். குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிறுவனம் வந்ததற்குக் காரணமே, 1902-ல் ஓர் ஆங்கிலப் பெண் நாய்க்கடிக்கு இங்கே மருந்து கிடைக்காமல் இறந்ததுதான். தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அந்தப் பழைய வகை மருந்து நம் நாட்டில் 2004 வாக்கில்தான் நின்றது. இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு சரி. கடித்த இடத்தை உடனே சோப்பு போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அந்த நாய் ஜாதி நாயா, நாட்டு நாயா என்று வைரஸ் பார்ப்பதில்லை, ஊசி போட்டிருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு. பயம் நியாயமானது. ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கும் நாய்தான் ஆபத்தான நாய் என்று நாமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். சொறி பிடித்து முடி கொட்டிய நாயைப் பார்த்து 'வெறிநாய்' என்று கல்லெடுப்பவர்கள் எத்தனை பேர்! சொறிக்குக் காரணம் தோலில் இருக்கும் ஒரு சின்ன உண்ணி, மருந்து கொடுத்தால் சில வாரங்களில் முடி முளைத்துவிடும்.

கல் என்றதும் ஒரு பழமொழி ஞாபகம் வருகிறது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நாயை அடிக்கத் தேடும் கல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கல்லில் செதுக்கிய நாயைப் பற்றியது என்றும் ஒரு விளக்கம் உண்டு. சிற்பமாகப் பார்த்தால் நாய் தெரியும், கல்லாகப் பார்த்தால் வெறும் கல். எந்த விளக்கம் சரியோ, நாயைக் கல்லில் செதுக்கிய ஊர்கள் நிஜமாகவே இருக்கின்றன.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், இப்போதைய திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சி ஆண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் நட்டது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கான கல். வீரன் ஆயுதத்தோடு நிற்க, கூடவே ஒரு நாயும் இருக்கிறது. கல்வெட்டு நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிராமத்து எருமைக் கொட்டிலில் கிடந்த நாய். அதன் பெயர் நமக்குத் தெரிகிறது! அந்தக் காலத்து எத்தனையோ சிற்றரசர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. பெயர் தெரிகிறது, கடித்த திருடர்கள் எத்தனை பேர் என்று தெரிகிறது. ஆனால் கோவிவன் என்ன கலர்? காது தொங்குமா நிற்குமா? எத்தனை அங்குல உயரம்? ஒரு வார்த்தை இல்லை. கல்லை நட்டவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இன்னொரு கல் இருக்கிறது. அதன் கதை நெமிலிக்கு இன்னும் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. அரக்கோணத்துக்கு ஒரு பக்கம் நெமிலி என்றால் இன்னொரு பக்கம் தக்கோலம். 949-ல் அங்கேதான் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரிய போர் நடந்தது. பராந்தகன் மகன் இராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்டான். கொன்றவன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதோடு முடிந்துவிடும். ஆனால் இந்தப் போரைப் பற்றிச் சொல்லும் முக்கியமான கல்வெட்டு ஒன்று கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூரில் கிடைத்தது. அது முழுக்கப் போரைப் பற்றியது இல்லை. ஒரு நாயைப் பற்றியது!

பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். சண்டையில் அவன் காட்டிய வீரத்தைப் பார்த்து மகிழ்ந்த பூதுகன், என்ன வேண்டுமோ கேள் என்றான். தங்கம் கேட்கலாம், ஊர் கேட்கலாம். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. கிடைத்தது. ஊருக்குப் போன பிறகு ஒருநாள் காளியை ஒரு பெரிய காட்டுப்பன்றி மேல் ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று விழுந்தன. ஆதகூர் கோயில் எதிரில் காளிக்காகக் கல் நட்டார்கள், அதற்கென்று நிலமும் விட்டார்கள். கல்லின் மேலே நாயும் பன்றியும் மோதுவது போலச் சிற்பம். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் நிலத்தைக் கவனிப்பவர் சாப்பிடக் கூடாது என்று கட்டளை வேறு. இப்போது அந்தக் கல் பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் இன்றைக்கும் காளியின் கல்லைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கோவிவனும் காளியும் வேட்டைக்கும் காவலுக்கும் வந்தவை. அழகுப் போட்டி வேறு விதமாக நம் இனங்களையும் தொட்டிருக்கிறது. ராஜபாளையம் நாய் என்றால் தும்பை வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். 2005-ல் தபால்தலையில் வந்த நாய் அது. ஆனால் முழு வெள்ளை நிறத்துக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் மரபணுவில் தொடர்பு உண்டு. அதனால் காது கேளாத குட்டிகள் அந்த இனத்தில் பிறக்கின்றன. காவல் நாய்க்குக் காது கேட்காவிட்டால் மற்றதெல்லாம் இருந்து என்ன?

அழகில்லாத நாய்க்குப் பரிசு கொடுக்கும் ஊரும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் உலகின் மிக அவலட்சணமான நாய்க்கான போட்டி பல வருடங்களாக நடந்துவந்தது. 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தது சாம் என்ற நாய். உடம்பில் முடி இல்லை, கண் தெரியாது, பல் கோணல். இணையத்தில் அதன் படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் ஏராளம். 2005 நவம்பரில் அது இறந்தபோது உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2024-ல் ஜெயித்த வைல்டு தாங் என்ற நாய்க்குக் குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் நோய் வந்து பல் வளராமல் போனது, நாக்கு எப்போதும் வெளியே தொங்கும். ஐந்தாவது முயற்சியில்தான் பரிசு. கேலி செய்வதற்காக நடத்துகிறார்கள் என்று தோன்றலாம், கொஞ்சம் கேலியும் இருக்கிறதுதான். ஆனால் அங்கே வரும் நாய்களில் நிறையப் பேர் யாரோ கைவிட்டு, யாரோ எடுத்து வளர்த்தவை. நம் சென்னையிலும் ப்ளூ கிராஸ் நாட்டு நாய்களுக்கென்றே கண்காட்சி நடத்தியிருக்கிறது. அங்கே ஜாதிச் சான்றிதழ் கேட்பதில்லை.

சோவியத் ரஷ்யா 1957-ல் விண்வெளிக்கு அனுப்பிய லைக்காவும் மாஸ்கோ தெருவில் பிடித்த கலப்பு நாய்தான். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியது என்பதால் தெருநாயைத் தேர்ந்தெடுத்தார்கள். திரும்பி வருவதற்கு வழியே வைக்காமல் அனுப்பியதை நினைத்தால் பெருமைப்படவும் முடியவில்லை. 2008-ல் மாஸ்கோவில் சிலை வைத்தார்கள்.

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுக்க இரண்டு பக்கமும் சத்தம். ஆகஸ்ட் 22 அன்று அந்த உத்தரவு மாறியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமாகக் கடிப்பவையும் தவிர என்று. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது.

பஸ் நிலையம் என்றால் டீக்கடை வாசலில் படுத்திருக்கும் செவலையும் அதில் அடக்கம். எடுத்தனூர்க் கல் மட்டும் நட்ட ஊரிலேயே நிற்கிறது. திருவண்ணாமலையிலிருந்து ஒரு பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.